வெள்ளைத் துணி மாடிக்குப் போன வருடம்

வெள்ளைத் துணி வந்துவிட்டால் எங்கள் வீட்டு முன்னறையில் யாரும் சாப்பிடக் கூடாது. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்குக் கவுன் தைப்பது என் வேலை. ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் அளவு எடுத்தால் மே மாதத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை ஜன்னலைத் திறக்க மாட்டேன். திறந்தால் ஹார்பர் பக்கமிருந்து வரும் கரித்தூள் சாட்டினில் உட்கார்ந்துவிடும். தட்டினால் போகாது, தேய்த்தால் பரவும். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சோறு சமையலறைத் தரையில்தான். மகள் சொன்னால் கேட்பாள். சின்னவனுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. குழம்புக் கையோடு மிஷினைப் பிடிக்க ஓடி வருவான்.

அப்போது அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என் நாத்தனார். என் கணவருடைய தங்கை, மாடி போர்ஷனில் குடியிருப்பவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் பாதி நாள் அவள் இடுப்பில்தான் இருப்பான்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கோயில் ஹாலில் அம்மாக்கள் சுற்றி நின்று கை இப்படி வேண்டும், கழுத்து அப்படி வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஹாலுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அளவு எடுப்பதும், தைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள். வெட்டுவதும் தைப்பதும் நான்.

"நீ உள்ளயே குந்திகினு தை அண்ணி. வாய் பேசுற வேல என்னுது" என்று சிரிப்பாள்.

பிறகு அவளும் என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ஓரம் மடித்து அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் கவுனுக்குக் கை வைப்பது, அப்புறம் வெட்டுவது. சாட்டின் வழுக்கும், கத்தரியைத் தூக்காமல் ஓட்ட வேண்டும் என்று அவள் கையைப் பிடித்தே காட்டினேன். இன்னொரு கை சேர்ந்தால் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று நினைத்தேன்.

என் மகள் புதுநன்மை வாங்க வேண்டிய வருடம் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்தாயிற்று, இனி என் பிள்ளைக்கு என்று நான் உள்ளுக்குள் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.சி. ரோட்டில் நல்ல லேஸ் பார்த்தபோதே அவளுக்கென்று வாங்கி வைத்துவிட்டேன். தவக்காலம் தொடங்கியது. அளவு எடுக்கும் நாளைக் கோயில் கன்னியாஸ்திரிதான் சொல்வார். அளவு வரவில்லை. நாத்தனாரிடம் கேட்டால், "சிஸ்டர் இன்னும் சொல்லலயே அண்ணி" என்றாள். நம்பினேன்.

ஒரு மதியம் மாடியிலிருந்து இறங்கி வந்த மகனின் தலைமுடியில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. கால் சட்டையில் சாட்டின் பிசிறு. "இன்னாடா இது?" என்றேன். "அத்த டர்ர்ர்னு" என்று மிஷின் ஓட்டிக் காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிராமலேயே சொன்னாள். "அத்த எல்லாருக்கும் அளவு எடுத்துச்சும்மா. எனக்கும் எடுத்துச்சு. நீதான் எடுக்கச் சொன்னன்னு சொல்லிச்சு."

மாடிக்குப் போனேன். கட்டில் முழுக்க வெள்ளைத் துணி. புது மிஷின், கரெண்டில் ஓடுவது. துணியின் மேல் விரித்திருந்தது என்னுடைய பேப்பர் கட்டிங். ஒவ்வொரு வயதுக்கும் நான் வெட்டி வைத்த அச்சு. என் வீட்டுப் பரணில் இருக்க வேண்டியது.

"வா அண்ணி" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல. "சிஸ்டர் என்னியத்தான் கூப்ட்டுக் குடுத்தாங்க. நான் இன்னா பண்றது? உனக்கும்தான் ரெண்டு பசங்கள வெச்சிகினு கஷ்டம்."

இறங்கி வந்துவிட்டேன். என் கணவர் ஹார்பரிலிருந்து வந்து கை கால் கழுவும்வரை காத்திருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மிஷின மேல தூக்கினு போனதே நான்தான்" என்றார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"பேப்பர் கட்டிங்?"

"அவ கேட்டா, எடுத்துக் குடுத்தேன். இன்னா இப்போ? வெளியாளா அவ? என் தங்கச்சிதான?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பேசவா போற? மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவ."

இத்தனை நாளும் எதிரில் உட்கார்ந்து என் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்.

மறு ஞாயிறு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கோயில் ஹாலுக்குப் போனேன். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் சிஸ்டரிடம், "என் பொண்ணு கவுன நானே தைச்சிக்கிறேன் சிஸ்டர்" என்றேன். அதற்குள் வியர்த்துவிட்டது.

சிஸ்டர் அன்பாகத்தான் கேட்டார். "உங்களுக்குத் தைக்கத் தெரியுமாம்மா?"

அந்த ஹாலில் வருடா வருடம் வரிசையாக நின்ற பிள்ளைகளின் உடையெல்லாம் என் வீட்டு முன்னறையில் தைத்தவை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். "தெரியும் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னேன்.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். துணி உங்க நாத்தனார்கிட்ட இருக்கு, வாங்கிக்கோங்க."

அவளிடம் போய்க் கேட்டேன். என் மகளுக்கானதை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தாள். வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்தாள். நன்றாகத்தான் வெட்டியிருந்தாள், குறை சொல்ல இடமில்லை. நானே தைத்தேன், வாங்கி வைத்திருந்த லேஸை மட்டும் வைக்கவில்லை. வைத்தால் என் பிள்ளை மட்டும் தனியாகத் தெரிவாள்.

புதுநன்மை அன்று பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்தார்கள். என் மகளை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. கழுத்து வளைவு, இடுப்புச் சுருக்கம் எல்லாம் நான் போடுகிற மாதிரியே. பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாக்கள் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா பினிஷிங்கு! கடைல எடுத்தாக்கூட இப்டி கீதா?" என்றாள் ஒருத்தி.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் மகனைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றேன். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

"அண்ணியும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணாங்க" என்றாள்.

என் கணவர் என் காதருகில் குனிந்தார். "பாத்தியா? உன்ன வுட்டுக் குடுக்கல அவ."

மகன் அவளைப் பார்த்து "அத்த!" என்று இரண்டு கையையும் நீட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே கை நீட்டி வந்தாள். நான் அவனைக் கொடுக்கவில்லை. அவன் அழுதான். அழ அழத் தூக்கிக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுக்க நிற்காமல் கேட்டைத் தாண்டி நடந்தேன்.