காடாத் துணியில் ஓடிய கழி

எண்பத்தேழாம் வருஷம் என் தங்கை மகன் மெட்ராஸிலிருந்து எங்கள் தீவுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் வீட்டு டிவியில் மாட்டினான். பார்க்க டைப்ரைட்டரில் பாதியை வெட்டி எடுத்தது போல இருந்தது. திரையில் ஓர் ஆறு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் ஒரு சின்ன விமானம். அதை இடமும் வலமும் ஒதுக்கிக் கரையில் இடிக்காமல் கொண்டுபோக வேண்டும். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் தெருவே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. "மாமா, விமானம் எங்கேயும் போகலை தெரியுமா? ஆறுதான் நகருது. அதுதான் இதிலே விஷயம்" என்று எனக்கே பாடம் எடுத்தான் பயல். எனக்கு வந்ததே கோபம்! "அட போடா! இதை எழுபத்துமூணிலேயே சாத்தம் பாலத்துக்குப் பக்கத்திலே ஒருத்தி கையாலே சுத்திக் காட்டிட்டா. பேரு ஜெயமணி" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை, சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் எழுதி வைக்கிறேன்.

அப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு துணிக்கடை. 'ஜப்பார் பாய் கடை' என்றால் மரம் அறுக்கும் மில் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெயமணி என் கடைக்குத் தைத்துக் கொடுத்தவள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். கொசுவலை, பள்ளிக்கூட யூனிபார்ம், ரவிக்கை எதுவானாலும் சொன்ன நாளில் வந்துவிடும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருநாள், "பச்சை நூல் இல்லைம்மா, கப்பல் வரட்டும்" என்றேன். "நூல் இல்லாம எதுக்கு பாய் கடையைத் தொறந்து வச்சு ஈ ஓட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குப் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் புருஷன் பழனிசாமி ஒரு பழைய மோட்டார் லாஞ்சில் லஸ்கர், படகில் எடுபிடி வேலை. அந்த லாஞ்சு சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையில் புறப்பட்டு, துறைமுகத்தைக் கடந்து, அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து வளைந்து சௌல்தாரிப் பக்கம் போகும் ஓர் உப்புநீர்க் கழியில் நுழையும். போகும்போது தண்ணீர் வற்றியிருக்கும். பழனிசாமி முன்னால் நின்று கம்பு விட்டு ஆழம் பார்ப்பான். திரும்பும்போது நெல்லும் வாழைத்தாரும் ஆட்களும் ஏறிவிடும், லாஞ்சு ஒழுக ஆரம்பிக்கும். அவன் அடித்தட்டில் உட்கார்ந்து பம்பு அடிப்பான். ஒன்பது வருஷம் இதே வேலை, இன்னும் தினக்கூலி.

அந்த வருஷம்தான் அந்தச் செய்தி வந்தது. பழைய லாஞ்சை உடைக்கப் போகிறார்கள், லஸ்கர்களை நிறுத்தப் போகிறார்கள். செராங் பரீட்சையில், அதாவது சுக்கான் பிடித்து ஓட்டும் பரீட்சையில், பாஸானவனுக்குப் புது லாஞ்சில் நிரந்தர வேலை. இரண்டே வாய்ப்பு. தவறினால் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். சாத்தூரில் அவர்களுக்கென்று ஒரு கூரைகூடக் கிடையாது.

பழகலாம் என்றால் சுக்கானைத் தொடவிட வேண்டுமே! பழைய செராங் ஒரு சிடுமூஞ்சி. பக்கத்தில் நின்றாலே முறைப்பார்.

ஒருநாள் ஜெயமணி கடைக்கு வந்து, "பாய், இருபது கஜம் காடா வேணும், ஒட்டு இல்லாம, ஒரே நீளமா" என்றாள்.

"எதுக்கும்மா, பந்தல் போடவா?"

"கழி செய்ய."

இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். மேசையின் இரண்டு முனையிலும் மூங்கில் உருளை. அதில் சுற்றிய துணியில் பழனிசாமி பச்சை மையால் கழியின் இரண்டு கரையும் வரைந்திருந்தான். ஒன்பது வருஷம் கம்பு விட்டுப் பார்த்த ஒவ்வொரு வளைவும் அதில் இருந்தது. மணல்திட்டு உள்ள இடத்திலெல்லாம் சிகரெட் பெட்டி ஈயத்தாள். அவன் முனையில் ஒரு தகரப் படகு. தையல் மெஷின் சக்கரம்தான் சுக்கான், திருப்பினால் படகு இடமும் வலமும் நகரும். எதிர்முனையில் ஜெயமணி உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவாள். தோல்வார் இழுக்க, துணி அவனை நோக்கி இறங்கி வரும். படகு ஈயத்தாளில் பட்டால் டார்ச் பல்பு பளிச்சென்று எரியும். எரிந்தால் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு கேட்க வேண்டுமா? மில் ஆட்கள், வங்காளி மீன்காரர், மலையாளி டீக்கடைக்காரர் எல்லோரும் சாயங்காலமானால் அங்கேதான். நானும் உட்கார்ந்தேன். இரண்டாவது வளைவிலேயே பல்பு எரிந்தது. "பாய் லாஞ்சிலே ஏறினா நேரா மவுத்துதான்" என்று சிரித்தாள் ஜெயமணி. எனக்கு ரோஷம் வந்து ஏழு தடவை உட்கார்ந்தேன், ஏழு தடவையும் எரிந்தது. பழனிசாமிக்கு மட்டும் எரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான் போலிருந்தது.

பரீட்சை நாளும் வந்தது. அதிகாரி மெயின்லேண்டிலிருந்து வந்தவர். எப்போதும் பரீட்சை என்றால் போகிற வழி மட்டும்தான். கழி முடியும் ஜெட்டியில் அதிகாரி இறங்கி, ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். பழனிசாமி கொண்டுபோனான் பாருங்கள், பழைய செராங்கே வாயைத் திறக்கவில்லை. ஆனால் முதல்நாள் மழையில் ரோடு உடைந்து ஜீப் வரவில்லை. அதிகாரி லாஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு, "லௌட் சலோ. தும் ஹீ சலாவ்" என்றார். திருப்பு, நீயே ஓட்டு.

பழனிசாமி திருப்பினான். எந்தத் திட்டை வலக்கைப் பக்கம் விட்டுப் பழகியிருந்தானோ, அதைத் திரும்பும்போதும் வலக்கைப் பக்கமே விட்டான். கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லாஞ்சு மணலில் ஏறி உட்கார்ந்தது. தண்ணீர் ஏறும்வரை மூன்று மணி நேரம், அதிகாரி கொட்டும் மழையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரிசல்ட்டை யாராவது சொல்ல வேண்டுமா?

நான் ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். பழனிசாமி மேசையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். கடலில் போடப் போகிறானாம்.

"வையுங்க கீழே" என்றாள் ஜெயமணி.

"எல்லாம் முடிஞ்சு போச்சு, புள்ளே. கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருவோம்."

"அங்கே நமக்கு யாரு இருக்கா? நான் வரலை. வேணும்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"எனக்குத் திரும்பி வர்ற வழி தெரியாதுடி! ஒன்பது வருஷமா அடித்தட்டுலே கெடந்தவன் எதைப் பார்த்தேன்?"

"எனக்குத் தெரியும்."

நானே சிரித்துவிட்டேன். அந்த லாஞ்சில் அவள் ஒருநாள்கூட ஏறியதில்லை. அவள் என்னை ஒரு முறை முறைத்தாள், சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஓட்டி முடிச்சதும் நீங்கள்லாம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவீங்க. துணியைப் பழையபடி சுத்தி வைக்கிறது யாரு? நான்தானே? அப்போ துணி யாரைப் பார்த்து வரும்? என்னைப் பார்த்து வரும். தினம் பத்து தடவை நான் அந்தக் கழியிலே திரும்பி வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். உக்காந்து சுத்துங்க."

படகையும் சக்கரத்தையும் அவள் முனைக்கு, கைப்பிடியை அவன் முனைக்கு மாற்றினார்கள். முதல்முறையாக அவன் கைப்பிடியில், அவள் சுக்கானில். துணி அவளை நோக்கி இறங்கியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தையல் போடுகிற அதே முகத்தோடு, ஒவ்வொரு வளைவாக வந்தாள். சாத்தம் ஜெட்டி வரும்வரை பல்பு ஒருதரம்கூட எரியவில்லை. "யா அல்லா!" என்று கத்தியது நான்தான். பழனிசாமி எழுந்து, அவள் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அடுத்த பரீட்சைக்கு நாலு மாதம். அந்த நாலு மாதமும் வேடிக்கை பார்க்க வந்தவர்களை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். "விளையாட்டெல்லாம் போதும், போய் வேலையைப் பாருங்க." பல்பு எரியாமல் பத்து தடவை திரும்பினால்தான் அவனுக்குச் சாப்பாடு. மழையில் ஓட்டிப் பழகுவதற்காக, ஒரு கிழிந்த கொசுவலையை மடித்து மேசைமேல் விரித்துவிடுவாள், கரை மங்கலாகத்தான் தெரியும். அவன் சலித்துக்கொண்டால், "அப்போ கப்பல் ஏறுங்க" என்பாள். சில நாள் அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவளைப் பார்த்தால் இன்னும் பாவமாக இருக்கும். பகலெல்லாம் தைத்துவிட்டுச் சாயங்காலம் சுற்றிச் சுற்றி, வலது மணிக்கட்டில் வீக்கம் இறங்கவே இல்லை.

இரண்டாவது பரீட்சைக்கு அதே அதிகாரி. ஏறும்போதே, "ஆனா, ஜானா, தோனோ" என்றார். போகவும் வேண்டும், வரவும் வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். ஜெயமணியும் டிக்கெட் எடுத்து ஏறினாள். போகும் வழி முழுக்க இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது சொல்லிவைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஜெயமணி கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் கிடந்த அவள் வலது கை மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. லாஞ்சு போகிற வேகத்துக்குச் சரியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சாத்தம் ஜெட்டியில் கயிறு விழுந்த பிறகுதான் கை நின்றது.

அதிகாரி பழனிசாமியின் முதுகில் தட்டி, பாஸ் என்றார். திரும்பும் வழியை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அவன் தன் பெண்சாதியைக் காட்டினான். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, இந்தக் கழியில் எத்தனை தடவை வந்திருக்கிறாய் என்று இந்தியில் கேட்டார்.

"ஆஜ் பஹ்லீ பார், சாப்" என்றாள். இன்றைக்குத்தான் முதல் தடவை.

அவர் அவளையும் பழனிசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் சுக்கானைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். எனக்கும் அழுகை வந்தது, அதை நான் மறைக்கவில்லை. அவள் மட்டும் அழவில்லை. கழி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாய், மரமெல்லாம் இவ்வளவு ஒசரமா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.