ஆயில் குடிக்காத வண்டி

ஸ்டோர்காரருக்குப் பொருளை உள்ளே வாங்கி வைப்பதில் இருக்கிற சந்தோஷம் வெளியே எடுத்துக் கொடுப்பதில் கிடையாது. அச்சகத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை அவருடையது. பெல்ட்டுகள், பல்புகள், மை டப்பாக்கள், ரப்பர் உருளைகள் எல்லாம் வந்த உறை கலையாமல் இரும்பு அலமாரிகளில் உட்கார்ந்திருக்கும். மெஷின்காரர் பெல்ட் கேட்டு வந்தால், பழசைக் கொண்டுவந்து காட்டு என்பார். காட்டினால், இது இன்னும் ஒரு மாதம் தாங்குமே என்பார். அது மறுநாளே அறுந்து வேலை நிற்கும். ரப்பர் உருளைகளில் பாதி, ஒரு காகிதத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அலமாரியிலேயே வெடித்துச் செத்தன. ஆனாலும் அவரை யாரும் திட்டியதில்லை. கணக்கில் ஒரு ஆணி குறையாத மனுஷனை என்னவென்று திட்டுவது?

வீட்டிலும் அதே கதைதான். டி.வி. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறை மங்கிப்போய் எண் தெரியாது, குத்துமதிப்பாக அமுக்க வேண்டும். சோபாவுக்கு ஒரு உறை, அந்த உறை அழுக்காகாமலிருக்க மேலே ஒரு துணி, விருந்தாளி வந்தால் துணியின் மேல் ஒரு துண்டு. வீட்டுக்காரம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். கல்யாணமான புதிதிலேயே, என் தையல் மெஷின் பக்கம் மட்டும் வராதீங்க என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் அது ஒன்றுதான்.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு டர்போ டீசல் கார் வந்து மாட்டியது. அதற்கு என்ன பாவம் பிடித்ததோ!

வாங்கிய அன்றிலிருந்து அதன் ஜாதகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆயிரத்து அறுநூறு சி.சி., நாலு சிலிண்டர், நூற்றுப் பதினைந்து குதிரைச் சக்தி, ஆயிரத்து எழுநூற்றைம்பது சுற்றிலேயே இருநூற்றெழுபது நியூட்டன் மீட்டர் இழுவை. முடிவெட்டுகிறவரிடம் சொன்னார், பால் ஊற்றுகிறவரிடம் சொன்னார், யானை மாதிரி இழுக்கும் என்றார். ஆனால் அந்த யானையை அவர் ஒரு நாளும் இழுக்க விட்டதில்லை. வீட்டிலிருந்து அச்சகத்துக்கு ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தை அவர் ஆக்சிலரேட்டரில் பாதம் படுகிறதா இல்லையா என்கிற மாதிரி ஓட்டுவார். சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்து வணக்கம் வைப்பார்கள். இவரும் பதிலுக்கு வைப்பார்.

டீசல் இன்ஜின் சோம்பேறியாக உட்காரவைத்தால் நோயாளியாகிவிடும் சாதி. எரியும்போது கரி வரும். அந்தக் கரி புகையாக வெளியே போகாமல், புகைக்குழாயில் ஒரு பில்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். பில்டர் நிறைந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை உள்ளே விட்டு, சூடேற்றி, கரியை எரித்துவிடும். அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விரட்டி ஓட்ட வேண்டும். விரட்டினால்தானே சூடு? பாதியில் நிறுத்தினால் கரியும் எரியாது, உள்ளே விட்ட டீசலும் எரியாமல் வழிந்து அடியில் இருக்கிற இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். ஸ்டோர்காரரின் வண்டி தினமும் பற்றவைத்தது. தினமும் அதற்குள் அச்சகம் வந்துவிட்டது.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சொருகி விளக்கை அணைத்துவிட்டு, அண்ணே, மிதிச்சு ஓட்டுங்க, நல்ல மாட்டுக்கு ஒரு சூடு போதும், இதுக்குத் தினம் வேணும் என்று சிரித்தார். ஸ்டோர்காரருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. விளக்கு எரிந்தால் வண்டி களைத்திருக்கிறது என்று அர்த்தம், களைத்ததைப் போய் விரட்டுவானா ஒருத்தன்? இன்னும் மெதுவாக ஓட்டினார். விளக்கு மறுபடி எரிந்தது. மெக்கானிக் மறுபடி அணைத்தார். புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற வால்வு கரி அடைத்துச் சிக்கிக்கொண்டது, அதையும் கழற்றித் துடைத்தார். ஆனால் ஆயிலை மட்டும் அவர் பார்க்கவில்லை. அது தன் பொறுப்பு, வேறு கை படக்கூடாது என்று ஸ்டோர்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்தப் பொறுப்பில்தான் அவருடைய பெரிய பெருமையே இருந்தது. ஞாயிறு காலையில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுப்பார். ஊரில் எல்லார் வண்டியும் ஆயில் குடிக்கும். இவர் வண்டியில் அளவு குறையவே இல்லை. குறையாதது மட்டுமா, மேல்கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது! பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "வண்டியைப் பார்த்துக்கிற விதத்துல பார்த்துக்கிட்டா, அது நமக்குத் திருப்பிக் குடுக்கும்," என்றார். வாத்தியார் தலையாட்டினார். ஆயில் குட்டி போடாது என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம்.

இனி வீட்டுக்காரம்மா சங்கதிக்கு வருகிறேன். அந்தம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. மலைக்கு அந்தப்பக்கம், புருஷன் போனபின் தனியாக இருந்தார். கார் வாங்கியதே உன் அக்காவைப் பார்க்கப் போகத்தானே என்று ஸ்டோர்காரர் சொல்லுவார். ஆனால் கோடையில் டயர் சூடாகும், மழையில் சேறு தெறிக்கும், மற்ற நாளில் மலை ஏற வண்டி இன்னும் பழகவில்லை. சரி, நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அந்தம்மா கிளம்பினால், வீட்டில் கார் வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்பினான் என்று நாலு பேர் பேசமாட்டார்களா என்று தடுத்துவிடுவார். அக்கா தங்கை இருவரும் போனில் மட்டும் கிழவிகளாகிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் அக்கா போன் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரேயடியாகக் கூட்டிப்போகிறான். வீட்டை விற்றாயிற்று, ஞாயிறு சாயங்காலம் விமானம். இனி இந்தப் பக்கம் வருவேனோ என்னவோ என்றார். வீட்டுக்காரம்மா போனை வைத்துவிட்டு, வெட்டிப்போட்ட சீருடைத் துணியை மடித்து ஓரமாக வைத்தார். "ஞாயித்துக்கிழமை போறோம். இந்தத் தடவை அவ முகத்தைப் பார்க்கலைன்னா இனி எப்பவும் இல்லை," என்றார். குரல் உயரவே இல்லை. ஸ்டோர்காரருக்கே அந்தக் குரலைக் கேட்டுப் பயம் வந்தது.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். சமதரையில் வழக்கமான ஊர்வலம். மலை ஆரம்பித்ததும் வண்டி திணறியது. பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. வீட்டுக்காரம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமை பொறுக்காமல் ஸ்டோர்காரர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தார். யானை இழுத்தது. அப்பாடா, என்ன இழுப்பு! அந்தம்மா முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் காலை எடுத்தார். சத்தம் குறையவில்லை, ஏறியது. டீசல் கலந்து தண்ணியாகி, அளவுக்கு மேல் தளும்பிய ஆயிலை இன்ஜின் தானே காற்றோடு உறிஞ்சி எரிக்க ஆரம்பித்துவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ஆயிலுக்கும் சேர்த்துத்தான். ஓரங்கட்டி நியூட்ரலில் போட்டார். சாவியைத் திருப்பி, உருவிக் கையிலேயே எடுத்துவிட்டார். இன்ஜின் அதைச் சட்டை செய்யவில்லை. பின்னால் வெள்ளைப் புகை ரோட்டையே மறைத்தது. வீட்டுக்காரம்மா போனில் மெக்கானிக்கைப் பிடித்து அவர் காதில் வைத்தார். பெரிய கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதித்து, கிளட்ச்சைப் பட்டென்று விடுங்க, செத்துடும் என்று மெக்கானிக் கத்தினார்.

"கிளட்ச் தேஞ்சுடாதா தம்பி?" என்று கேட்டார் ஸ்டோர்காரர்.

மெக்கானிக் சொன்ன பதிலை எழுத முடியாது. கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு முறை குலுங்கி எழும்பி அடங்கியது. அந்த அமைதியில் எங்கோ ஒரு குருவி கத்தியது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் ஏறி வந்தது. வீட்டுக்காரம்மா நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, "வாங்க," என்றார்.

"நீ போ. வண்டியை இப்படி ரோட்டில விட்டுட்டு எப்படி..."

அந்தம்மா மறுபடி கூப்பிடவில்லை. பஸ் போய்விட்டது.

ஸ்டோர்காரர் சாவியைப் பையில் பத்திரப்படுத்தினார். கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று நாலு கதவையும் பார்த்தார். பின்பக்கம் படிந்த எண்ணெய்க் கரியை வெள்ளைத் துணியால் துடைத்தார். மெக்கானிக் இழுவை வண்டியோடு வந்து சேர்ந்தபோது பம்பர் பளபளவென்றிருந்தது. மெக்கானிக் கம்பியை உருவி மோந்து பார்த்து, எப்போதிலிருந்து ஏறியது என்று கேட்டார். ஸ்டோர்காரர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் விளக்கை மட்டும் அணைத்த நானும் ஒரு மடையன், ஒரு தடவை இதை உருவிப் பார்த்திருக்கக்கூடாதா என்று மெக்கானிக் தன் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்து, அண்ணி எங்கே என்றார்.

"பஸ்ஸில போயிட்டா. வண்டிக்குக் காவலா நான் இருந்தேன்."

"இது இனிமே எங்கயும் போகாதுண்ணே," என்றார் மெக்கானிக். "இதுக்கு எதுக்குக் காவல்?"

ஸ்டோர்காரர் சாவியை அவர் கையில் கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. அவர் நின்றுகொண்டே மலையைத் தாண்டினார்.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை. படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம், ஆனால் தெளிவாக இருந்தது.

"இப்பத்தான் கார் ஏறிப் போனா," என்றார்.

"பேசினீங்களா ரெண்டு பேரும்?"

"பேசினோம். நிறைய சிரிச்சோம். நீங்க எங்கேன்னு கேட்டா. வண்டிக்குக் காவல் இருக்கார்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அவளுக்கு அது ஆச்சரியமாவே இல்லை."

இன்ஜின் போனபோது வராத அழுகை ஸ்டோர்காரருக்கு அப்போது வந்தது. வெட்கமாக இருந்தது. உட்கார நாற்காலி ஏதும் இல்லை. கைக்குட்டைகூட விரிக்காமல், அந்தத் தூசித் தரையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.