அழைப்பிதழில் ஒரு வரி காலி

வம்சம் தேடிக் கொடுப்பதும் தொழில்தான். கல்யாண புரோக்கரைவிட மரியாதை கொஞ்சம் குறைவு. நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். அளக்க நிலம் இல்லாமல் போனதும் ஊர்க்கதையையும் மனிதர்களின் வேரையும் பிடித்துக்கொண்டேன். தாத்தாவின் அப்பா பேரைத் தேடி ஒரு தடவையாவது அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சும்மா படிக்கலாம்.

தளபதி கிடைக்கவில்லை

தஞ்சாவூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் வந்தார். சோழர் படைத் தளபதி ஒருவரின் வம்சம் தாங்கள் என்று வீட்டில் பேச்சாம். எழுதித் தர வேண்டும். அலைந்தேன். தளபதி கிடைக்கவில்லை. கொள்ளிடத்தில் பரிசல் தள்ளிய முப்பாட்டன் கிடைத்தார். நல்ல மனிதர், வெள்ளம் வந்தபோது ஊரையே அக்கரை சேர்த்தவர். அதைச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"பரவால்லைங்க. கடற்படைன்னு போட்டுக்கலாம்" என்றார்.

அறுபதாம் கல்யாணம்

இன்னொருவர், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார். அதற்குள் குடும்ப வரலாறு புத்தகமாக வர வேண்டுமாம். பார்த்தால், அவர் தம்பிக்குப் போன வருஷமே அறுபது முடிந்து விருந்தும் சாப்பிட்டாகிவிட்டது. அண்ணனுக்கு இப்போது எப்படி அறுபது வரும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட பிறந்த தேதி அது என்றார். உண்மையை எழுதட்டுமா என்றேன்.

"மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு சார். வயசைக் கொஞ்சம் பாத்து எழுதுங்க."

காலி வரி

சிரிப்பதற்கு அவ்வளவுதான். அடுத்து வந்தவர் மாணிக்கம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், கும்பகோணத்துக்காரர். மகள் அகிலாவுக்கு ஆனி மாதம் முகூர்த்தம் பார்த்தாகிவிட்டது. தவறினால் ஆடி, ஆடியில் கல்யாணம் கிடையாது. கையில் பத்திரிகை புரூஃப். மேலே 'அருள்மிகு' இருந்தது. 'துணை' இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

குலதெய்வம் பேர் தெரியவில்லை. மாணிக்கத்தின் அப்பா குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலையை உதறிவிட்டு வந்தவர். எதையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளையின் அம்மாவோ கண்டிப்பு. பெண் வீட்டில் முதல் பத்திரிகை அவர்கள் குலதெய்வத்துக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு வீட்டுக்கும் ஒரே தெய்வமாக இருந்துவிடக் கூடாது. இருந்தால் பங்காளிகள். பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் அதோடு சரி. மாப்பிள்ளை வீட்டுத் தெய்வம் பாவாடைராயன்.

"ஏதாவது அம்மன் பேரைப் போட்டு முடிங்க" என்றேன். கூட வந்திருந்த அகிலாதான் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளையும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பி, நாலு வருஷம் காத்திருந்து, இப்போதுதான் இரண்டு வீடும் இறங்கி வந்திருந்தது.

"போட்டுடலாம் சார். நாளைக்கு என் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அத்தை இதைத்தான் சொல்லுவாங்க."

வரப்பில் ஒரு விசாரணை

ஊரில் மிச்சமிருந்த ஒரே பங்காளி, மாணிக்கத்தின் பெரியப்பா மகன் ரெங்கசாமி. ஸ்கூட்டரில் மாணிக்கத்தை ஏற்றிக்கொண்டு போனேன். மேட்டூர் அணை திறக்கப்போகிறது என்று ரெங்கசாமி நாற்றங்காலுக்கு வரப்பு போட்டுக்கொண்டிருந்தார். கேள்வியை முடிக்கவிடவில்லை.

"பாவாடைராயன்தான். வருஷா வருஷம் கெடா வெட்டுறோமே!"

மாணிக்கம் சேற்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லா யோசிச்சு சொல்லுண்ணே." "சாமி பேரை யோசிச்சாடா சொல்லுவாங்க?" என்று அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். சம்பந்தியம்மா காதுக்குப் போகக் கூடாது என்று பேசிக்கொண்டே திரும்பினோம். மறுநாள் போய்விட்டது. கிளம்பும்போது, வேறு பங்காளிகள் உண்டா என்று நான் கேட்டிருந்தேன். ரெங்கசாமி கிழக்கே கையை வீசினார்.

"தரங்கம்பாடியில ஒரு வகையறா இருக்கு. வேதத்துக்குப் போனவங்க, கிறிஸ்தவங்க. சாமியையே விட்டுட்டுப் போனவங்களுக்கு சாமி பேரு எங்கேர்ந்து தெரியும்?"

எஸ்தர் டீச்சர்

வேறு வழியில்லாமல்தான் போனேன். எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லுத்தரன் குடும்பம். அவருடைய பூட்டனும் மாணிக்கத்தின் பூட்டனும் கூடப் பிறந்தவர்கள். நான் கேட்க வந்ததைச் சொன்னதும் காபியைக்கூட வைக்காமல் ஆரம்பித்தார். வருஷா வருஷம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நடக்கும் அன்று வீட்டில் எல்லாரும் கூடி, பூட்டன் வேதத்துக்கு வந்த கதையைச் சொல்வார்களாம். மின்னடியான் சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தவர். ஒருநாள் விளக்கைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, தரங்கம்பாடிக்கு நடந்தே வந்துவிட்டார். இடம்கூடச் சொன்னார்: பெரிய வாய்க்கால் மதகுக்குக் கிழக்கே, இலுப்பை மரத்தடியில், நட்டுவைத்த செங்கல்.

நான் ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறேன் போல. டீச்சர் சிரித்தார்.

"விட்டுட்டு வந்ததுனாலதான் சார் பேரு ஞாபகம் இருக்கு. பக்கத்துலயே இருந்தா எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?"

மதகுக்குக் கிழக்கே

பஞ்சாயத்து ரெங்கசாமி வீட்டு வாசலில் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "இந்த ஊர்க்காரரு பாவாடைராயன்ங்கிறாரு. அந்த டீச்சரு மின்னடியான்ங்கிறாங்க. வேதக்காரங்க சொல்லி நான் சாமியை நம்பணுமா? கல்யாணம் வேணாங்க." அகிலா யாரையும் பார்க்கவில்லை. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், டீ கொண்டுவந்த ரெங்கசாமியின் மனைவி மல்லிகா தட்டை டொக்கென்று வைத்தார்.

"பாவாடைராயன் எங்க அப்பா வீட்டு சாமிங்க. இந்த மனுசன் கெடா விருந்துக்கு வந்து வந்து தன் சாமின்னே நெனச்சுட்டாரு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாமின்னா என்னை எப்படி இவருக்குக் கட்டி வச்சிருப்பாங்க?"

பாவாடைராயன் வீட்டுப் பெண் இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்து, எதிரில் டீயோடு நிற்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி? சம்பந்தியம்மா, மல்லிகா எந்த ஊர், யார் மகள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். நாத்தனார் முறை வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. ரெங்கசாமி மாட்டைப் பார்க்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று மல்லிகாவை அதட்டினேன்.

"கேட்டாத்தானே சார்? நீங்க வரப்புல நின்னு அவரைக் கேட்டுட்டு அப்படியே போயிட்டீங்க."

முதல் பத்திரிகை

இலுப்பை மரம் இருந்தது. அடியில் மண்ணை வழித்தபோது செங்கலும் இருந்தது. அச்சான முதல் பத்திரிகையை மஞ்சள் தடவி மாணிக்கம் அங்கே வைத்தார். மேலே காலி இல்லை: அருள்மிகு மின்னடியான் துணை. இரண்டாவது பத்திரிகையை அகிலா எஸ்தர் டீச்சரிடம் கொடுத்து, "அத்தை, நீங்க முன்னாடியே வந்துடணும்" என்றாள். இடம் காட்ட வந்திருந்த டீச்சர் சற்றுத் தள்ளியே நின்றார். கும்பிடவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிப் புல்லில் விட்டிருந்தார். சம்பந்தியம்மா கண்ணுக்கு அது தப்புமா? "நீங்கதான் கும்பிட மாட்டீங்களே, செருப்பை ஏன் கழட்டினீங்க?" என்று கேட்டேவிட்டார்.

"எங்க பூட்டன் விட்டுட்டுத்தாங்க வந்தாரு. சண்டை போட்டுட்டு வரலை."

சாமியை விட்டுப் போனவர்களையும் டீ கொண்டுவருகிறவர்களையும் முதலிலேயே கேட்டிருந்தால், இந்தத் தொழிலில் எனக்குப் பாதி பெட்ரோலும் முக்கால்வாசி கோபமும் மிச்சமாகியிருக்கும்.