ஜன்னலோர இடம்

மூட்டுக் காய்ச்சலால் ஏறக்குறைய ஒரு வருடம் படுக்கையில் கிடந்த என் மகள் யாழினி, இன்று குன்னூரில் பள்ளிக்குத் திரும்பினாள்.

வெளியே நல்ல மூடுபனி. கையைப் பிடித்து வகுப்பு வரை கொண்டுபோய் விட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை.

அவள் தோழியிடம், "இத்தன நாளா இவளத் தேடவே இல்லியா கண்ணு?" என்று கேட்டேன்.

"தெனமும் வர்றாளேங்க ஆன்ட்டி. ஜன்னலோரமா உக்காந்திருப்பா. பேசத்தான் மாட்டா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். யாழினி சிரிக்கவில்லை. ஜன்னலோரக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்க உக்காந்தா அவ எங்க உக்காருவாம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவளை முன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அழைத்துவரப் போக வேண்டும். குன்னூர்க்காரர்கள் யாராவது துணைக்கு வருகிறீர்களா?