எல்லா வீட்டிலும் ஒரே வருமானம்

பிள்ளைகளே, இது என் அசிங்கம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர். சொந்த லோடு வேன் ஓட்டுகிறேன். மாதத் தவணை கட்டியது போகக் கையில் நன்றாகவே மிஞ்சும். ஆனாலும் எங்கள் வீட்டில் இருப்பது ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் கார்டு.

மகள் பத்தாம் வகுப்பு. பொருளாதாரப் பாடத்துக்காக, வீட்டின் ஒரு மாத வரவு செலவை எழுதி, எவ்வளவு சேமிக்கலாம் என்று கணக்குப் போட்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். மகள் என் வருமானத்தை உள்ளபடி எழுதியிருந்தாள். எனக்குப் பகீரென்றது.

“இன்னாடி இது? எவனாவது பாத்தா செவப்பு கார்டு பூடும். அடிச்சிட்டு, வருமானச் சான்றிதழ்ல கம்மியா போட்டு வாங்கியிருக்கறத எழுது.”

“மிஸ் மட்டும்தாம்பா பாப்பாங்க.”

“சொன்னத செய்டி.”

அடித்து எழுதினாள். செலவுகளை மாற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளும் கூட உட்கார்ந்திருக்க, டீச்சர் அந்தத் தாள்களை மேசையில் பரப்பினார்.

“என்னங்க இது, எல்லார் வீட்லயும் ஒரே வருமானமா?”

“எங்க ஊர்ல எல்லாரும் சமம் மிஸ்!” என்றார் பின்னாலிருந்து ஒருவர். டிராக்டர் வைத்துக் கரும்பு போடுகிறவர். கொல்லென்று சிரித்தோம். நானும்தான்.

முன்வரிசையில் நடவு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் இருந்தார். சிவப்பு கார்டுக்காக நாங்கள் எல்லாரும் சான்றிதழில் போட்டு வாங்கிய அந்தத் தொகை அவருக்கு மட்டும்தான் உண்மை. ஆனால் அவர் வீட்டில் இருப்பது வசதியுள்ளவர்களுக்கான மஞ்சள் கார்டு. சிவப்பு கேட்டு எத்தனையோ முறை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்ததும்தான் என் சிரிப்பு எனக்கே அசிங்கமாகப் பட்டது.

டீச்சர் என் மகளை எழுப்பினார்.

“வருமானத்தவிட வேன் தவணை அதிகமா இருக்கேம்மா. மீதி எங்கேர்ந்து வருது?”

மகள் என்னைப் பார்த்தாள். ‘உள்ளதைச் சொல்’ என்று ஒரு தலையசைப்பு போதும். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

“எங்க பெரியப்பா குடுப்பாரு மிஸ்.”

நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. எனக்கு அண்ணனே கிடையாது. பாடம் நடத்த வந்தவர் டீச்சர், ஆனால் என் பெண் கற்றுக்கொண்டது என்னிடம்.

திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து கேட்டாள்:

“கரெக்டா சொன்னனாப்பா?”

“கரெக்ட்டும்மா” என்றேன். த்தூ, அதையும் சொன்னேன்.