இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால்

எங்கள் தாமான் குடியிருப்பில் ஷெர்லீனைப் 'பைலட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தபோது அவள் எந்த விமானத்தையும் ஓட்டவில்லை. பாச்சாங்கில் ஒரு கடையில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தாள். அவள் பறக்கக் கற்று லைசென்ஸ் வாங்கிய நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. விமானங்களே தரையில் கிடக்கும்போது புதுப் பைலட்டை எவன் கூப்பிடுவான்? நான்கு வருடம் கேலியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போய் வந்தாள். கேலி பண்ணியவர்களில் நானும் ஒருத்தி.

என் பெயர் கலைமகள். புக்கிட் ரம்பாயில் அவர்களுக்குப் பக்கத்து வீடு. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான்களைச் சரிபார்க்கும் வேலை. ஷெர்லீனின் அப்பா அந்தோணிராஜ் அண்ணன் ஓட்டும் தொழிற்சாலை பஸ்ஸில்தான் பதினோரு வருடமாகப் போய்வருகிறேன்.

அண்ணன் நல்ல மனிதர். ஆனால் ஸ்டீரிங்கில் கை வைத்துவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "ஓட்டறவன்கிட்ட பேசாதே, ஓட்டறவனுக்குச் சொல்லித் தராதே" என்பார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது ஷெர்லீன் அவருக்குப் பக்கத்தில், இஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து வருவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஓட்டும் ஆசை அங்கேதான் வந்தது. ஓட்டுகிறவரிடம் பேசக் கூடாது என்ற பழக்கமும் அங்கேதான் வந்தது. இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

போன வருடம் ஒரு விமானக் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. செலின் அக்கா, அதுதான் அவள் அம்மா, தாமான் முழுக்கக் கேசரி கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து லீவில் வந்தவளிடம், "எந்த ஊருக்குடி பறந்தே?" என்று கேட்டேன்.

"ஐயோ ஆண்ட்டி, இன்னும் பிளேன் பக்கமே போகலை லா. கிளாஸ்லதான் உட்கார்ந்திருக்கேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள்தான் பொறுமையாகச் சொன்னாள். முதல் சில வாரம் வெறும் புத்தகம். கம்பெனி விதிகள், விமானத்தில் எண்ணெய் எங்கே ஓடுகிறது, மின்சாரம் எங்கே ஓடுகிறது, அதற்கெல்லாம் பரீட்சை. பிறகு பைலட் அறையின் பெரிய காகிதப் படம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, எந்த விசையை எந்த வரிசையில் தொட வேண்டும் என்று கை தானாகப் போகும்வரை பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் சிமுலேட்டர். கால்களில் நின்று ஆடும் ஒரு பெட்டி. உள்ளே நிஜ விமானத்தின் முன்பகுதி, கண்ணாடிக்கு வெளியே படமாக ரன்வே. இரண்டு இரண்டு பேராக உள்ளே விடுவார்கள். அவளுடைய ஜோடி சுரேன் என்று ஒரு பையன். ஒரு நாளாவது நிம்மதியாக இறக்க விடுவார்களா என்றால் அதுதான் கிடையாது. ஏறும்போது ஒரு இஞ்சின் நிற்கும், நடுவில் புகை வரும், இறங்கும்போது காற்று தள்ளும். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும் என்றாள். கடைசியில் ஒரு பரீட்சை. அதில் தேறினால்தான் நிஜ விமானம், அதிலும் முதல் சில மாதம் சொல்லித்தரும் கேப்டன் பக்கத்திலேயே இருப்பார்.

அந்தப் பரீட்சையில் ஷெர்லீன் தோற்றாள்.

ஒரு சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சுரேன் தேறிவிட்டான். இவளுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வேலை போச்சு, மறுபடி கைப்பேசி உறைதான்.

நடந்தது இதுதான். அன்று பரீட்சை வைத்தவர் கேப்டன் பரமேஸ்வரன், அவள் அப்பா வயது. இடது பக்க நாற்காலியில் அவரே உட்கார்ந்து ஓட்டினார். தரையை நெருங்கும்போது வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் வந்தார். விதிப்படி இவள் 'வேகம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பதில் இல்லையா, இன்னொரு முறை. இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லி விட்டுக்கொடுக்க வேண்டும்.

இவள் என்ன செய்தாள்? தொண்டையைக் கனைத்தாள். பிறகு, "சார், இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி இல்லை?" என்று கேட்டாள். இங்கிலீஷில்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் பேச்சு நம் வீட்டுப் பேச்சு. சிமுலேட்டர் ரன்வேயைத் தாண்டிப் போய்ப் புல்லில் நின்றது.

"உனக்குக் கை நல்லா இருக்கு, வாய்தான் இல்லை" என்றாராம் அவர். "வாயில என்ன கொழுக்கட்டையா? நான் பெரியவன்னு எனக்கு மரியாதை குடுத்தே. பின்னால நூத்தி எண்பது பேரு உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கு யாரு மரியாதை குடுப்பா?"

மறுநாள் அவர்கள் வீட்டு ஹாலில் அந்தக் காகிதப் படம் ஏறியது. இயேசு படத்துக்குக் கீழே, இரண்டு நாற்காலி. இடது நாற்காலியில் கேப்டனாக உட்கார ஆள் வேண்டும். என்னை உட்காரவைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்து காரியம் கெட்டது. கடைசியில் அண்ணனே வந்து உட்கார்ந்தார். விளையாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இல்லை, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கேப்டன் பேச வேண்டியதை அட்டைகளில் மையால் கொட்டை எழுத்தில் எழுதி, ஒருமுறை வாசித்தும் காட்டிவிட்டுக் கையில் கொடுத்திருந்தாள். ஒரே மாலையில் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னார். 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று அவர் சொல்லும்போது செலின் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் நாள் ஷெர்லீன் அட்டைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தாள். அண்ணன் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பழைய வரிசையிலேயே சொன்னார். மறுபடி மாற்றினாள். மறுபடியும் அதே பழைய வரிசை. அவர் ஒன்றையும் படிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அப்போதும் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அப்பா, கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சு இல்லை?" என்றாள். "இருக்கறதே போதும்" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

இப்போது நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது என்பது பஸ்ஸில் வரும் பத்தொன்பது பெண்களுக்கும் ஒரு வருடமாகத் தெரியும். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துவார். ஓரக்கல்லில் சக்கரம் ஏறும். ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்? அதனால் ஜாடையாகப் பேசப் பழகிக்கொண்டோம். முன்சீட்டு இருசம்மாள் அக்கா, "இந்தச் சிக்னலு எப்பப் பாரு சிவப்பாவே இருக்குடி" என்பாள். நான், "இடது பக்கம் லாரிய எப்படி நிறுத்தி வச்சிருக்கான் பாரு" என்பேன். எங்களுக்குள் பேசிக்கொள்வது போலத்தான். அவர் காதில் வாங்கிக்கொண்டு பிரேக்கை மிதிப்பார். அவர் மானமும் தப்பியது, எங்கள் உயிரும் தப்பியது. இதை நாங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், வெட்கமில்லாமல்.

மறுநாள் விடியற்காலை குருபோங்கில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி ஷெர்லீனும் பஸ்ஸில் ஏறினாள். மழை. இன்னும் வெளுக்கவில்லை. அதே பழைய இஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தாள். இருசம்மாள் அக்கா வழக்கம்போலச் சிக்னலைத் திட்டினாள், நான் லாரியைத் திட்டினேன். ஷெர்லீன் மெல்லத் திரும்பி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தொழிற்சாலைச் சாலைக்குள் திரும்பியதும், முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வலது பக்கம் திரும்ப நடுச்சாலையில் நின்றிருந்தது. கறுப்பு மழைக்கோட்டு, பின்விளக்கு இல்லை. எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஜாடை பேச அங்கே நேரமில்லை. எனக்கு வாய் வரவில்லை.

"அப்பா, மோட்டார்!" என்றாள் ஷெர்லீன்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா, பிரேக்!"

"ஓட்டறவன்கிட்ட..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே அவள் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பஸ் அலறி, வழுக்கி, குறுக்காகத் திரும்பிப் புல்லில் ஏறி நின்றது. இருசம்மாள் அக்காவின் சாப்பாட்டு டப்பா பின்சீட்டு வரைக்கும் உருண்டு போனது. மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான். சின்னப் பையன், ஏதோ வெளிநாட்டுத் தொழிலாளி. தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் ஸ்டீரிங்கை விடவில்லை.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றாள் ஷெர்லீன். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் உரக்கச் சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. "அப்பா, ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றாள் மறுபடி. சாவியைத் திருப்பி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவர் இறங்கி, மழையில் சாலையோரமாக நடக்க ஆரம்பித்தார். அவள் குடையோடு பின்னாலேயே ஓடினாள்.

வேறு பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் எங்கள் ஆட்கள் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். "பெத்த அப்பன இத்தனை பேரு முன்னால அவமானப்படுத்திட்டாளே" என்றாள் இருசம்மாள் அக்கா. எனக்கு வந்ததே கோபம். "அவ படுத்தலைக்கா. ஒரு வருஷமா நாமதான் அவரை ஏமாத்திக்கிட்டு வந்தோம்" என்றேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

கண் மருத்துவர் பார்த்துவிட்டு, வலது கண் போனது போனதுதான், இடது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று இழுத்தார். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனை எழுத்துகளை அண்ணன் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதை அன்றுதான் செலின் அக்கா வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அண்ணன் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இடது நாற்காலி காலியாகவே இருந்தது. அவள் அதைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அவரிடமிருந்து பதில் வராது. புறப்பட்ட அன்று காலில் விழுந்தாள். அவர் தலையில் கையை வைத்தார், பேசவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் செலின் அக்கா என்னைக் கூப்பிட்டாள். போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பண்ணியிருந்தாள். அண்ணன் அந்தக் காகிதப் படத்துக்கு எதிரே, இடது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பாஸ் மா" என்றாள் ஷெர்லீன். செலின் அக்கா "இயேசுவே" என்று உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் கேப்டன் பரமேஸ்வரன்தான், மறுபடியும் வேகமாக வந்தார், இரண்டு முறை சொன்னேன், எடுத்துக்கொண்டேன் என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். ஆனால் அந்தக் குரலில் சந்தோஷத்தை நான் கேட்கவில்லை.

அண்ணன் தலையைத் தூக்கினார். எட்டு நாளுக்குப் பிறகு பேசினார்.

"அந்தக் கேப்டன் பதில் சொன்னாரா?"

"இல்லைப்பா" என்றாள். "கடைசி வரைக்கும் சொல்லலை."

அண்ணன் எதிரே இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"யூ ஹேவ் கன்ட்ரோல்" என்றார்.

பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குப் போனார். தடவித்தான் நடக்கிறார் என்பதை எங்களிடம் அவர் மறைக்காத முதல் நாள் அது.