மாமனார் சொன்னால்தான் படகு

என் மாமனார் என்னைத் தீவில் அடைத்து வைத்தார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்று கூட்டிப்போய் அடைத்து வைத்தார். இதை இப்படிப் பச்சையாக எழுத வேண்டாம், கொஞ்சம் சுற்றி வளைத்து எழுது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரைஸ் மில்லில் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆள். அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். மில் நாள் முழுக்க ஓடியது. இஞ்சினை ஓட்டுகிறவருக்குக் கண் மங்கிப்போய், வருஷக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஜனவரி ஒண்ணாந்தேதி காலைல நீ வந்து கிளப்பு. இஞ்சின் உன்னுது. வரலைன்னா வேற ஆள் ரெடியா கீறான்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. மாமனாரே சுண்ணாம்புக்குளம் கரைக்குப் படகு கொண்டுவந்திருந்தார். நானும் என் மனைவியும் ஏறிக்கொண்டோம். மழை விட்ட சமயம். பழவேற்காட்டு ஏரி கரை தெரியாமல் நிறைந்து கிடந்தது. பாதி தூரத்துக்குள் மாமனாருக்கு மூச்சு வாங்கியது. கழியை என்னிடம் கொடுத்தார். நாங்களும் ஏரிக்கார ஜனம்தான். அப்பா காலத்தில் வலையை விட்டுவிட்டு ஊருக்குள் வந்துவிட்டோம். ஆனாலும் கழி ஊன்ற எனக்குத் தெரியும். ஊன்றிக்கொண்டே இஞ்சின் விஷயத்தைச் சொன்னேன். ஒண்ணாந்தேதி போயாக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"அடி சக்க! மாப்ள இனிமே இஞ்சின் டிரைவரா! ஊர்ல சொன்னா எவனும் நம்ப மாட்டானே" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஆக, அவருக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அந்தத் தீவில் இருந்தது நாற்பது ஐம்பது குடிசை, ஓலை வேய்ந்த ஒரு கோயில், சுற்றிலும் தண்ணீர். சாமியார் வரவில்லை. உபதேசியார்தான் ஜெபம் சொன்னார். மூங்கிலில் நட்சத்திரம் கட்டி அதற்குள் காடா விளக்கு வைத்திருந்தார்கள். எனக்குப் புது வேட்டி. கோழி, இறால், மடவை மீன் குழம்பு எல்லாம் இலை கொள்ளாமல் பரிமாறினார்கள். நான் எழுந்தால் நாலு பேர் எழுந்தார்கள். முட்டாள்தனமாக அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிளம்புகிறேன் என்றேன். "இன்னா மாப்ளே, கொல்லைல புலி நிக்குதா? எங்க அண்ணன் ஊட்ல விருந்து சொல்லிக்கீறாங்க" என்றார் மாமனார். அதற்கு அடுத்த நாள் காற்று சரியில்லை என்றார். அதற்கும் அடுத்த நாள் படகைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். காயணும் என்றார்.

சரி, வேறு படகு பார்ப்போம் என்று கரைக்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளியை, அந்த வீட்டுக்காரர் வாயால் சொல்லாமல் வேறு யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் அந்த வீட்டைச் சோறு போட வக்கில்லாத வீடு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் கேட்ட எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"ஒங்க மாமனார் ஒரு வார்த்த சொல்லட்டும். இப்பவே தள்றேன்."

காசு தருகிறேன் என்றேன். "டப்ப மடில வெச்சிக்கோ நைனா" என்று ஒரு கிழவர் திரும்பிக்கொண்டார். பூட்டு இல்லை, கதவு இல்லை, கட்டிப்போட ஒரு கயிறு இல்லை. எங்கே போனாலும் ஒருவர் "சாப்டியா மாப்ளே?" என்று கேட்டார்.

வருஷத்தின் கடைசி நாள். காலையில் வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். மார்பளவுதான் தண்ணீர், நடந்தே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் சேறு என் முழங்காலைப் பிடித்தது. இன்னொரு அடி வைத்தேன், தொடையைப் பிடித்தது. அதற்கு மேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாடி, ஒங்கூட்டு மாப்ள மில்லுக்கு நடந்தே போறாரு!"

"பூநாரை கூட்டத்துல சேர்ந்துக்கினாரு போல. ஒத்த கால்ல நிக்கறாரு பாரு!"

அவர்களே பலகை போட்டு இழுத்துக் கரையேற்றினார்கள். என் மனைவி குடத்துத் தண்ணீரை என்மேல் ஊற்றிச் சேற்றைக் கழுவினாள். "உங்க அப்பாவுக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள்.

"நாளைக்கு பாட்டு சீட்டு."

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பேர் பாடு. கல்யாணமான, தண்ணீரில் நிற்கத் தெம்புள்ள ஆண் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் சீட்டு. மகன் இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை நிற்கலாம். மாமனாருக்கு மூன்றும் பெண்கள். அவர் மூச்சோ படகிலேயே நான் பார்த்த மூச்சு.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும். பாடு பூட்சின்னா எங்கம்மா இன்னாத்த துன்னும்? நீ சொல்லேன்."

அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் மாமனார் என்னிடம் வந்து, மாப்ளே, இப்படி ஒரு நிலைமை, எனக்காக நில் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அதைத்தான் கறிச்சோறு போட்டுப் பிடுங்கிக்கொண்டார்.

வருஷப்பிறப்பு ஜெபம் முடிந்ததும் கோயில் வாசலில் மண்பானையை வைத்தார்கள். அதற்குள் அடையாளம் கீறிய ஓலைத் துண்டுகள், அவைதான் சீட்டு. அந்த நேரம் கும்மிடிப்பூண்டியில் யாரோ ஒருவன் இஞ்சினைக் கிளப்பியிருப்பான். மாமனார் வீட்டு முறை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கை போட்டா படகு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"இன்னா பேஜாரு மாப்ளே இது? கை போடு, நானே தள்ளிக்கினு போய் வுடறேன்" என்றார் மாமனார்.

போட்டேன். ஓலையை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஊர்ப் பெரியவர் வாயைத் திறந்தார். கை போட்டவன் தன் முறைக்கெல்லாம் வந்து வலை கட்ட வேண்டுமாம். ஒரு முறை தவறினாலும் அந்த வீட்டுக்குப் பாடு கிடையாதாம். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் படகைத் தள்ளப் போனார்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். இஞ்சின் பக்கத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒருவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். "இஞ்சின் ஒனக்காக காத்துக்கினு இருக்குமா?" என்றார் முதலாளி. பிறகு அதே மில்லில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கும் தூக்குகிறேன். முறை வந்தால் லீவு சொல்லிவிட்டுப் போய் ஏரியில் இடுப்பளவு நிற்கிறேன். மாமியார் பட்டினி கிடக்க வேண்டாம் என்றுதான் நிற்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் என் கடைசி மச்சினிச்சி கல்யாணம். பந்தியில் மாமனார் எழுந்து நின்று சொல்கிறார்: "எங்க பெரிய மாப்ளய கேளு. மொத கிறிஸ்மசுக்கு வந்தவரு எங்க ஊரு எறாலு ருசில மயங்கிட்டாரு. போன்னு சொன்னாலும் போவல. வேலையே போச்சி மனுசனுக்கு!" பந்தி முழுக்கச் சிரித்தது. மில் ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள். சோம்பேறி, நாக்குக்கு அலைந்து வேலையைத் தொலைத்தவன் என்று என் பிள்ளைகள் காதிலும் விழுந்தது.

மாமா, இழந்த வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. வருகிற கிறிஸ்துமஸ் ஜெபம் முடிந்ததும் அதே கோயில் வாசலில் நான் நிற்பேன். ஊர் முழுக்க இருக்கும். ஒண்ணாந்தேதி நான் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் படகைக் கவிழ்த்துப் போட்டீரா, இல்லையா? வீட்டுக்குள் தனியாக என்னிடம் சொல்ல வேண்டாம். அங்கே, அவ்வளவு பேர் முன்னால், சத்தமாகச் சொல்லும்.